கட்டொழுங்கு ஆசிரியர் முடி வளர்த்தார்

நேற்று முடி நடும் நர்ஸ்களான உங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கேட்டிருந்தாள்: "அக்கா, முடி நடுறதுக்கு முன்னுக்கு பேஷண்ட்ட எவ்ளோ நீளம் வச்சுக்கிட்டு வரச் சொல்லணும்? மொட்டைன்னு சொல்லிட்டா போதும்லா?" அதற்குக் கீழே ஒரு கூட்டமே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள்.

கட்டைவிரலைக் கொஞ்சம் இறக்குங்கள் கண்ணுங்களா. உங்களிடம் மெஷின் இருக்கிறது. நோயாளி உட்காருகிறார், மெஷின் ஓடுகிறது, தலை வழவழவென்று ஆகிவிடுகிறது, வேலையை ஆரம்பித்துவிடுகிறீர்கள். எங்களுக்கு அப்படியில்லை. எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில் கீழே மருந்துக்கடை, மாடியில் எங்கள் கிளினிக். டாக்டரும் நானும்தான் மொத்தப் படை. காலேஜ் முடித்துவிட்டு நர்ஸ் பயிற்சியும் எடுத்த திமிரில் நான் வாயை அடக்காத வயது. டாக்டர் யாழ்ப்பாணக் குடும்பம், லண்டனில் படித்தவர், அதிகம் பேசாதவர். நான் பேசியது இரண்டு பேருக்கும் போதும்.

அப்போது முடியை ஒவ்வொன்றாக எடுக்கவில்லை. பென்சில் பருமனில் ஓர் எஃகுக் குழாய். அதைப் பின்னந்தலையில் வைத்து அழுத்திச் சுழற்றினால் தோலோடும் வேரோடும் ஒரு கொத்து முடி வரும். முன்னால் வழுக்கையில் ஒரு துளை போட்டு அந்தக் கொத்தை அதில் வைப்போம். எடுத்த இடத்தில் தையல் கிடையாது. தானாக ஆற வேண்டும். ஆறும்வரை பின்னந்தலை பல்லாங்குழிப் பலகைதான். அதை மறைக்க ஒரே ஒரு பொருள்தான் உண்டு: மேலேயிருந்து தொங்கும் அவருடைய சொந்த முடி.

அதனால் வருகிற எல்லோருக்கும் நாங்கள் சொன்ன முதல் வார்த்தை, "முடி வெட்டாதீங்க." ஆப்பரேஷன் அன்று அந்த நீள முடியை மேலே தூக்கிப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவோம். அடியில் ஒரு பட்டையை மட்டும் ஒட்ட வெட்டி அங்கிருந்து கொத்துகளை எடுப்போம். முடிந்ததும் பிளாஸ்டரைப் பிய்த்து முடியைக் கீழே விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆள் நேராக பஸ் ஏறலாம்.

சொல்வது சுலபம். நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் கோயிலுக்குப் போவதும் ஒன்று. சுத்தபத்தமாகப் போக வேண்டும். புந்தோங்கிலிருந்து ஒரு டாக்சி அண்ணன். சொன்னபடி ஒழுங்காக முடி வளர்த்தார். அன்று காலையில் வந்து படுத்தார். முடியைத் தூக்கி ஒட்டினேன், பிளாஸ்டர் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்று ஒட்டினேன், அதுவும் வந்தது. கையை முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

"என்ன அண்ணே இது?"

"வீட்டுல வச்சு விட்டாங்க மிஸ்ஸி. ஆப்ரேசன்னா ஒடம்பு சூடாயிரும்லா. நல்ல எண்ணெய், அவங்களே காய்ச்சுனது."

நர்ஸ்களை அப்போது மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் சவுக்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பார்த்தேன். அந்த அம்மா ஒரு பாட்டிலையே கவிழ்த்திருக்க வேண்டும். கடைசியில் ஆப்பரேஷன் முடியும்வரை அவர் முடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பிளாஸ்டர் நான்தான். மறுநாளிலிருந்து, "முடி வெட்டாதீங்க, எண்ணெயும் வைக்காதீங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இனிமேல் சொல்லப்போவது அப்படியில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த புதிதில் குனோங் ராபாட்டிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பெயரை மாற்றி அருள்தாஸ் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. வெள்ளைச் சட்டை, டை, கஞ்சி போட்ட மாதிரி ஓர் உட்காருதல். ஹெல்மெட்டைக் கழற்றினார். நெற்றி எங்கே முடிகிறது என்று என் கண் தேடிக்கொண்டே போய் உச்சந்தலைக்குப் பின்னால்தான் நின்றது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள். இவர் ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார்.

டாக்டர் அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்பக்கம் நல்ல அடர்த்தி. ஏப்ரல் லீவுக்குச் செய்யலாம். அதுவரைக்கும் முடி வெட்டக் கூடாது. விளங்குதே?"

"எவ்ளோ நீளம் வேணும் டாக்டர்?"

டாக்டர் தன் விரலால் அவர் சட்டைக் காலருக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். "இவ்வளவு."

"முடியாது டாக்டர்."

"ஏன் முடியாது?"

சார் என்னைப் பார்த்தார். வெளியே போனால் தேவலை என்கிற பார்வை. நான் அசையவில்லை.

"நான்தான் ஸ்கூல்ல கட்டொழுங்கு ஆசிரியர்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காரணம், என் தம்பி. ஒரு திங்கட்கிழமை பின்னந்தலையில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளத்தோடு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டான். காலைக் கூட்டத்தில் வரிசையாக நிற்க வைப்பார்கள். காலரில் முடி பட்டால் அங்கேயே கத்தரிக்கோலால் ஒரு கொத்து போய்விடும். பிறகு முடிவெட்டும் கடைக்குப் போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டியது அவனவன் பாடு. நீள முடி வைத்தவன் உருப்படமாட்டான் என்று பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருந்த காலம்.

"சார், கத்திரிக்கோல பாக்கெட்லயே வச்சுக்கிட்டு வருவாங்களே, அது நீங்களா?"

"நான்தான் மிஸ்ஸி."

"அப்ப ஒங்க முடிய எப்படி வளப்பீங்க?"

"அதத்தான நானும் கேக்குறேன்."

டாக்டருக்கு இப்போது விளங்கிவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றும் சிரிக்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆகஸ்ட் லீவில வாரும். அதுக்குள்ள யோசியும்" என்றார்.

ஆகஸ்ட் ஆகாது என்றார் சார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தைப்பிங்கில் இருக்கும் அவருடைய அக்கா ஒரு பெண் பார்த்திருந்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியை, அக்கா போகிற அதே மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். வருஷக் கடைசி லீவில் நேரில் போய்ப் பார்ப்பதாகப் பேச்சு. அக்கா அவர்களிடம் ஒரு படமும் கொடுத்துவிட்டார்.

"பயிற்சிக் கல்லூரியில சேந்தப்ப எடுத்தது மிஸ்ஸி. அதுல எனக்கு முடி இருக்கு."

"வேற படம் குடுக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"அக்காகிட்ட இருந்தது அது ஒண்ணுதான்னு சொல்லுச்சு. பொய்யா இருக்கும்."

அதற்கு முன்னால் இரண்டு இடத்தில் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு வீட்டில் இவர் செருப்பைக் கழற்றும்போதே பெண்ணின் கடைசித் தங்கை உள்ளே ஓடி, "அம்மா, மாப்பிள வரல, அவரோட அப்பா மட்டும்தான் வந்திருக்காரு!" என்று கத்தியிருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குத்தான் சிரிக்கத் தோன்றவில்லை.

கணக்கு வாத்தியார் இல்லையா, காலக்கணக்கை டாக்டரைவிட வேகமாகப் போட்டுவிட்டார். நட்ட முடி முதலில் கொட்டும். பிறகு மூன்று நான்கு மாதம் சும்மா இருக்கும். அதற்கப்புறம்தான் முளைக்கும். ஏப்ரலில் நட்டால் டிசம்பரில் சீப்பு வைக்கலாம். ஆகஸ்டில் நட்டால் டிசம்பரில் பழைய தலையோடுதான் போக வேண்டும்.

"வளத்துர்றேன் டாக்டர். எப்படியாவது."

வளர்த்தார். மாதம் ஒருமுறை டாக்டரிடம் காட்ட வருவார். ஒவ்வொரு தடவையும் சட்டைக் காலர் கொஞ்சம் உயர்ந்திருக்கும். சுருள் முடி வேறு, நீளமாகத் தொங்காமல் வாத்து வால் மாதிரி மேலே கிளம்பும். பள்ளியில் நடக்கும்போது சுவரோரமாகவே நடப்பதாகச் சொன்னார். ஆசிரியர் அறையில், "என்ன அருள், பேண்ட்ல சேந்துட்டீங்களா? என்ன வாசிக்கிறீங்க, கிதாரா?" என்று ஆரம்பித்துவிட்டார்களாம். தலைமையாசிரியர் கேட்டதற்குக் கழுத்தில் தோல் வியாதி, டாக்டர் வெட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று சமாளித்திருக்கிறார்.

"கத்திரிக்கோல் என்னாச்சு சார்?" என்று கேட்டேன்.

"மேசையில கெடக்கு மிஸ்ஸி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எடுக்கறது? பயலுங்க எல்லாம் சாமியார் மாதிரி திரியுறானுங்க."

ஏப்ரல் லீவு வந்தது. திங்கட்கிழமை காலை. ஊசிகள் கொதித்து ஆறிவிட்டன, டாக்டர் கையுறை போட்டுக்கொண்டிருந்தார். சார் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி அப்படியே முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

பின்னந்தலையில் முடி இல்லை. மாதக்கணக்கில் வளர்த்த வாத்து வாலைக் காணோம். யாரோ படிக்கட்டு கட்டியிருந்தார்கள். நீளமாக மிச்சமிருந்த இடம்கூட அரை விரல் இருக்காது.

"சார்! என்ன சார் இது? எந்தக் கடையில வெட்டுனீங்க?"

"கடையில இல்ல மிஸ்ஸி. ஸ்கூல்ல."

லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியர் கூப்பிட்டாராம். பையன்கள் தலையைப் பார்க்கவே சகிக்கவில்லை, லீவு விடுவதற்கு முன் எல்லாரையும் ஒழுங்குபண்ணிவிட்டுப் போங்கள் என்று உத்தரவு. தப்பிக்க வழியில்லை. சார் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். முதல் வரிசையில் ஐந்தாம் படிவப் பையன் ஒருவன், பதினேழு வயது, நல்ல வாட்டசாட்டமானவன். அவன் காலரைப் பிடித்தார்.

"அவன் திரும்பி நின்னான் மிஸ்ஸி. 'வெட்டுங்க சார்'ன்னான். அப்பறம் மெதுவா, 'ஒண்ணு கேக்கலாமா? ஒங்களத யாரு சார் வெட்டுவா?'ன்னான்."

"திமிர் பிடிச்சவன்!"

"திமிரா கேட்டிருந்தா ரெண்டு வச்சிருப்பேன். அவன் நெசமாவே கேட்டான். அதான் பிரச்சன."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கத்திரிக்கோல அவன் கையில குடுத்துட்டுத் திரும்பி நின்னேன்."

"வெட்டிட்டானா?"

"மொதல்ல கத்திரிக்கோலத் திருப்பி நீட்டுனான். நான்தான் வெட்டுடான்னேன். அப்பறம் கொஞ்சம் ரசிச்சே வெட்டிட்டான் போல."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் பக்கத்தில் வந்து அந்தப் படிக்கட்டைத் தடவிப் பார்த்தார். "எடுக்கிறதுக்கு இந்த நீளம் காணும். அதில எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. மறைக்கிறதுக்குத்தான் ஒண்டும் இல்லை."

"மறைக்க வேணாம் டாக்டர். செஞ்சிருங்க. இந்த லீவ விட்டா எனக்கு டிசம்பர் இல்ல."

"உமக்குச் சம்மதமெண்டால் எனக்கும் சம்மதம். ஊசியை எடும் பிள்ளை."

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். மரப்பு ஊசி நிரம்பி என் கையில் இருக்கிறது. டாக்டர் சரி என்கிறார். நோயாளி சரி என்கிறார். தொழில்முறையில் ஒரு குறையும் இல்லை, முடி குட்டையாக இருந்தால் எங்களுக்கு வேலை இன்னும் சுலபம், பிளாஸ்டர்கூட வேண்டாம். இந்த மிஸ்ஸி வாயை மூடிக்கொண்டு ஊசியைக் கொடுத்துவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. டாக்டர் மனத்தில் இருந்தது ஓர் ஆபீஸ் ஆள். ஆபீஸ் ஆள் முகத்தைக் காட்டி உட்கார்ந்திருப்பார், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும். வாத்தியாருக்கு அப்படியில்லை. அவர் கரும்பலகையில் எழுதத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு வகுப்பே அவருடைய பின்னந்தலையைப் படிக்கும். அடுத்த திங்கட்கிழமை லீவு முடிந்துவிடும். சார் டிசம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இருக்கும் திங்கட்கிழமையை யாருமே பார்க்கவில்லை.

ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"சார், அந்தச் செவுத்துகிட்ட போயி நில்லுங்க. லீவு முடிஞ்சு மொத பாடம் என்ன?"

"எதுக்கு மிஸ்ஸி?"

"சொல்லுங்களேன்."

"அல்ஜிப்ரா."

"ஒரு கணக்க எழுதுங்க. செவுத்துலதான். வெரலால எழுதுங்க போதும்."

டாக்டர் கையுறைக் கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உமக்கு என்ன விசரே பிள்ளை?"

"ரெண்டே நிமிஷம் டாக்டர்."

சார் ஏதோ பைத்தியத்திடம் மாட்டிக்கொண்ட மாதிரி சுவரில் எழுத ஆரம்பித்தார். இரண்டாவது வரிக்குப் போனதும் மறந்தே போனார், தலையைச் சாய்த்து நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பஞ்சுக் குச்சியை ஊதா மருந்தில் தொட்டு, அவர் பின்னந்தலையில் வட்ட வட்டமாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனேன். கொத்து எடுக்கப்போகிற இடமெல்லாம் ஒரு பொட்டு. காதிலிருந்து காதுவரை ஒரு வரிசை, அதற்குக் கீழே இன்னொன்று.

"இன்னும் கீழ ஒரு வரிசை வரும்" என்றார் டாக்டர்.

அதையும் வைத்தேன். முகம் கழுவும் இடத்தில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி அவருக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தேன். சின்னக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன்.

"இப்ப பாருங்க சார். கடைசி பெஞ்சுலருந்து இதத்தான் பாப்பாங்க. ஊதாவா இருக்காது. செவப்பா, பொருக்கு தட்டி இருக்கும். முடி வளந்து மறைக்கிற வரைக்கும் எப்படியும் ஒரு மாசம் ஆயிரும்."

அவர் பார்த்தார். கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"தொப்பி போட்டுக்கலாமா மிஸ்ஸி?"

"கிளாஸ்ல தொப்பி போடலாமா சார்?"

"போடக் கூடாது." பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "நான்தான் கழட்டச் சொல்லுவேன்."

டாக்டர் குரல் இறங்கிவிட்டது. "தம்பி, வேண்டாமெண்டால் வேண்டாம். வருஷக் கடைசியில நீண்ட லீவு வரும். ஆறுதலாச் செய்வம்."

"அது பொண்ணு பாக்கப் போயிட்டு வந்த பெறகு டாக்டர்."

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமலுக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தது மாடிவரை கேட்டது. சார் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போய்விட வேண்டும் என்றும் நினைத்தேன். பையன்களை எனக்குத் தெரியும், ஒருத்தனை என் வீட்டிலேயே வளர்த்திருக்கிறேன்.

அவர் சின்னக் கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அஞ்சு வருஷமா அவனுங்க தலையில நான் கை வச்சிருக்கேன் மிஸ்ஸி. எத்தன பேரு வீட்டுக்குப் போயி அழுதானுங்களோ. ஒரு மாசம் அவனுங்க சிரிச்சுட்டுப் போவட்டுமே."

அவரே எழுந்து போய் மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டார். "செய்ங்க டாக்டர்" என்றது தலையணைக்குள்ளிருந்து வந்தது.

எல்லாம் முடிந்து, சாரை அவருடைய நண்பர் காரில் கூட்டிக்கொண்டு போன பிறகு டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் முதலே ஓமெண்டு சொன்னவர். கடைசியிலயும் ஓமெண்டுதான் சொன்னவர். இடையில இந்தக் கூத்தெல்லாம் என்னத்துக்கு?"

"மொத சொன்ன ஓம் டிசம்பருக்கு டாக்டர். ரெண்டாவது சொன்ன ஓம் திங்கக்கெழமைக்கு."

அதற்குப் பிறகு டாக்டர், யார் வந்தாலும் தலையைத் தொடுவதற்கு முன், "என்ன வேலை செய்யிறீர்? உமக்குப் பின்னால ஆர் நிப்பினம்?" என்று கேட்டுவிட்டுத்தான் நீளம் சொன்னார். லாரி ஓட்டுகிறவருக்கு ஒரு நீளம், கோயிலில் முன்வரிசையில் நின்று பாடுகிறவருக்கு ஒரு நீளம். நீங்கள் எத்தனை புது மெஷின் வாங்கினாலும் அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அளவுகோலை அப்புறம் எடுக்கலாம்.

லீவு முடிந்து அடுத்த வாரம் பொருக்கைக் காட்ட வந்தார். நான் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

"என்ன சார் ஆச்சு?"

"கிளாஸ் கிளாஸா காட்டிக்கிட்டு இருக்க முடியுமா? காலைக் கூட்டத்துல ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டுட்டு மேடையில ஏறுனேன். திரும்பி நின்னேன். 'எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. வழுக்கைக்கு முடி நட்டிருக்கேன், அதுக்காக எடுத்த எடம் இது. சிரிக்கிறவன் இப்பவே சிரிச்சு முடிச்சிரணும், கிளாஸ்ல கணக்கு நெறைய இருக்கு'ன்னேன்."

"தோல் வியாதின்னு சொன்ன ஹெட்மாஸ்டர் முன்னாடியேவா?"

"அவரு முன்னாடியேதான்."

"சிரிச்சாங்களா?"

"மொதல்ல ஒருத்தனும் சிரிக்கல. அதுதான் பயமா இருந்துச்சு. அப்பறம் பின்னாலருந்து ஒருத்தன், தோட்டத்துலருந்து பஸ்ல வர்ற பய, 'ரீபிளாண்டிங்கா சார்?'ன்னு கத்துனான். 'ஆமாடா, புதுக் கன்னு வச்சிருக்கேன்'னேன். 'அப்ப எப்ப சார் பால் வெட்டலாம்?'ன்னான். அவ்ளோதான், மொத்தக் கூட்டமும் போச்சு. ஹெட்மாஸ்டர் கொடிக்கம்பத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு, தோளு மட்டும் குலுங்குது."

கொஞ்ச நாளில் கத்தரிக்கோலை அவரே தலைமையாசிரியர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். கட்டொழுங்கு வேலை வேறொருவருக்குப் போனது. சாருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

முடி முளைத்தது. அந்தக் கால முடிதான், பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். கொத்துக் கொத்தாக, வரிசை வரிசையாக, பொம்மைத் தலை மாதிரி. பக்குவமாகச் சீவினால் தெரியாது. டிசம்பரில் அவர் தைப்பிங் புறப்பட்டபோது, சீப்பை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று நானே காட்டிக் கொடுத்தேன்.

ஜனவரியில் ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். ஆள் கூட்டம் இல்லாத நேரம். டாக்டரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

"என்ன சார், எப்படி இருந்துச்சு?"

"மழ மிஸ்ஸி."

தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்கா வீட்டிலிருந்து நாலு வீடு தாண்டித்தான் பெண் வீடு. குடை பறந்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கிறது. நனைந்த முடி படிந்துபோய், நட்ட வரிசை ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கிற மாதிரி தெரிந்திருக்கிறது. பெண்ணின் அப்பா அலமாரியில் வைத்திருந்த படத்தை ஒருதரம் பார்த்தார், இவர் தலையை ஒருதரம் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாக மழையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அக்கா மட்டும் வாய் ஓயாமல் பேசியிருக்கிறார்.

"அப்பறம்?"

"பொண்ணு தேத்தண்ணி கொண்டாந்து வச்சுட்டு எதுக்க ஒக்காந்தாங்க. என் தலையத்தான் பாத்தாங்க. மறைக்கல, நல்லாவே பாத்தாங்க. நான் அடுத்த பஸ் எத்தன மணிக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். 'நட்டதா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். 'வலிச்சுச்சா?'ன்னு கேட்டாங்க."

டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்: பார்க்கிறவர்கள் எவ்வளவு ஆச்சு என்று கேட்பார்கள், கொட்டிவிடுமா என்று கேட்பார்கள், இழுத்துப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்பார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"ஆப்ரேசன்ல வலிக்கல, அதுக்கு முன்னாடி முடி வளத்தப்பதான் வலிச்சுச்சுன்னேன். 'முடி வளத்தா எப்படிங்க வலிக்கும்?'ன்னு கேட்டாங்க. சரின்னு மொதல்லருந்து சொல்ல ஆரம்பிச்சேன். காலர், கத்திரிக்கோல், அந்தப் பய, நீங்க வச்ச ஊதாப் பொட்டு, எல்லாம். அவங்களும் டீச்சர்லா, கரும்பலகைன்னதும் புரிஞ்சுருச்சு. சிரிக்க ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல. உள்ளருந்து அவங்கம்மா எட்டிப் பாத்தாங்க. மழையப் பாத்துக்கிட்டு இருந்த அவங்கப்பாகூட நாற்காலிய இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டாரு."

"தேத்தண்ணி குடிச்சனீரோ இல்லையோ?" டாக்டர்தான் கேட்டார்.

"எங்க டாக்டர், பேசிப் பேசி அது ஆறிப்போச்சு," என்றார் சார். "அவங்களே எடுத்துக்கிட்டுப் போயி வேற போட்டுக் கொண்டாந்தாங்க."